என் தம்பி ரோமில் என்ன சாப்பிட்டான்

ரோமுக்குப் போகிறேன் என்றதும் எங்கள் டெப்போவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தோல் பெல்ட் கேட்டார். ஒருவர் தேவாலயங்களின் பெயரை அடுக்கினார். இருபது வருடமாக என்னோடு வண்டி ஓட்டுகிற டிரைவர் மட்டும், "அங்க பஸ்ல கண்டக்டரே கெடையாதாம்பா. போயி நாலு பேருக்குக் கத்துக்குடுத்துட்டு வா" என்றார். நான் போனது இதற்கெல்லாம் இல்லை. என் அம்மா ஒரு கேள்வி கொடுத்து அனுப்பியிருந்தாள். அதற்குப் பதில் வாங்கி வருவதுதான் என் வேலை.

"சின்னவன் அங்க இன்னா துன்னான்?" இதுதான் கேள்வி.

சின்னவன் என்றால் என் தம்பி ஏழுமலை. திண்டிவனத்தில் ஹோட்டல் வேலை கற்றுக்கொண்டு, கப்பல், துபாய் என்று சுற்றி, கடைசியில் ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா என்ற ஊரில் ஓர் உணவகத்தில் சமையல்காரனாக நின்றுவிட்டான். பத்து வருடத்துக்கு மேல் அங்கேதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன மாசி மாதம், காலையில் சமையலறையைத் திறந்தவன் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான் என்று போன் வந்தது. பெட்டியில் வந்து சேர்ந்தான். எங்கள் கொல்லைமேட்டில் நைனாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

காரியத்தன்று படையல் போட்டோம். கோழி வறுவல், கருவாட்டுக் குழம்பு, கேழ்வரகுக் களி, செஞ்சி பஸ் ஸ்டாண்ட் கடை பரோட்டா, வேர்க்கடலையை வெல்லப்பாகில் பிடித்த மல்லாட்டை உருண்டை என்று அவனுக்குப் பிடித்ததாக எங்களுக்குத் தெரிந்த எல்லாம் இலையில் இருந்தன. எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளி மாடிச் சுவரில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டோம். காக்கைகள் வந்தன. பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கின் மேல் உட்கார்ந்து பார்த்தன. பிறகு பறந்து போய்விட்டன. காக்கை எடுக்காமல் வீட்டு ஆட்கள் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெயில் சாயும்வரை காத்திருந்து, சோற்றை மாட்டுக்கு வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா உட்காரவில்லை.

"எதனா மனக்கொறை இருக்கும்" என்றார் சித்தப்பா. பந்தலும் மைக் செட்டும் இத்தனை கூட்டமும் இருந்தால் எந்தக் காக்கை இறங்கும் என்று நான் எரிந்து விழுந்தேன். அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். "கொறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாம வச்சது ஊர வுட்டுப் போன பையனுக்கு. அவன் அங்க போயி நாப்பது வயசு ஆளா ஆயிட்டான். வேற எதையோ துன்னுட்டு இருந்தான். அது இன்னான்னு பெத்தவ எனக்குத் தெரியல."

இதில் ஒரு கொடுமை என்னவென்றால் அவன் தினமும் போன் செய்வான். அம்மா எடுத்தவுடன் கேட்பது, "சாப்டியாடா?" அவன் சொல்வது, "சாப்டேம்மா." "இன்னா சாப்ட?" "சாப்பாடுதாம்மா." பத்து வருடமும் இதே பேச்சுதான். நாங்கள் யாருமே அதற்கு மேல் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

காரியத்துக்குப் பிறகு அம்மா மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். காலையில் ஒரு டீ, சாயங்காலம் ஒரு பன். சர்க்கரை வியாதிக்காரி. டாக்டர் திட்டினார். அவர் சொன்னார் என்று சம்பா கோதுமை ரவை வாங்கி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, "மாட்டுக்கு வையிடா" என்று தள்ளிவிட்டாள். வருடப் படையல் நெருங்க நெருங்க ஆள் பாதியாகிவிட்டாள். "இன்னா துன்னான்னு தெரியாம எனக்கு எறங்கலடா பெரியவனே. நீ போயி பாத்துட்டு வா." அவன் சாமான்கள் அங்கே இருக்கின்றன, வீட்டிலிருந்து யாராவது வந்தால் நல்லது என்று உணவகத்துக்காரம்மாவும் சொல்லி அனுப்பியிருந்தார். விசா, டிக்கெட் கதையெல்லாம் இங்கே வேண்டாம். போய் இறங்கினேன்.

தை மாதத்துக் குளிர். ஸ்வெட்டர் என்று நான் கொண்டுபோனது அங்கே பனியனுக்குச் சமம். விமான நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் கிருபா. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தம்பியோடு அதே சமையலறையில் வேலை செய்தவர். என்னைப் பார்த்ததும் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். பிறகு, "நடக்கிற நடை அப்பிடியே அவர்தான் அண்ணை" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் எங்கே என்று கேட்டேன்.

அந்த பஸ்ஸில் எனக்கு நேர்ந்ததை டெப்போவில் இன்னும் சொல்லவில்லை. பழக்க தோஷத்தில் பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். விசிலைத் தேடிக் கை சட்டைப் பைக்குப் போனது. கிருபா என் கையில் டிக்கெட்டைக் கொடுத்திருந்தார். டிக்கெட் வைத்திருந்தால் போதாதாம், அதை ஒரு மெஷினில் நுழைத்து முத்திரை வாங்க வேண்டுமாம். கூட்டத்தில் அவர் முன்னால் போய்விட்டார், எனக்கு யாரும் சொல்லவில்லை. செக்கர் ஏறினார். எத்தனையோ பேரை மயிலம் கூட்டு ரோட்டில் இறக்கிவிட்ட நான், முதல் முறையாக டிக்கெட் இல்லாத பயணியாகத் திருதிருவென்று நின்றேன்.

கிருபா ஓடிவந்து ஏதோ சொன்னார். செக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் குலுக்கினார். "நீங்களும் பஸ்ஸில வேலை செய்யிற ஆள்தான், இந்தியாவில கொண்டக்டர் எண்டு சொன்னனான். தம்பிக்கு நடந்ததையும் சொன்னன். சாப்பிட்டுட்டு அழச் சொல்லுங்கோ, வெறும் வயித்தோட அழக் கூடாது எண்டு இவர் சொல்லுறார்" என்றார் கிருபா. எங்கள் ஊர்ச் செக்கர்களில் அப்படிச் சொல்லக்கூடிய ஒருவரைக்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

காலைச் சாப்பாடு என்று ஒரு கடையில் நின்றோம். உட்கார நாற்காலி இருந்தும் யாரும் உட்காரவில்லை. கவுண்டரில் முழங்கையை ஊன்றி, மூடி அளவு காப்பியை ஒரே மடக்கில் குடித்து, இனிப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டே கிளம்பிவிடுகிறார்கள். இட்லிக்குச் சட்னி பத்தவில்லை என்று சண்டை போடுகிற ஊரிலிருந்து போனவனுக்கு இது சாப்பாடாகவே படவில்லை. தம்பியும் இப்படித்தான் தின்றானா என்று கேட்டேன். "இல்லை அண்ணை, அவருக்கு இனிப்புப் பிடிக்காது" என்றார் கிருபா. எனக்குக் கிடைத்த முதல் தகவல் அது. மல்லாட்டை உருண்டையை இலையில் வைத்தோமே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உணவகத்துக்குப் போனேன். முதலாளியம்மா லூச்சியாவுக்கு என் அம்மாவைவிடக் கொஞ்சம் வயது குறைவு. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அவர் கடை சாதாரண உணவகம் இல்லை. ரோம ராஜாக்கள் காலத்துச் சாப்பாட்டைச் சமைத்து வெளியூர்க்காரர்களுக்குப் போடுகிற இடம். அதைத்தான் என் தம்பி இத்தனை வருடம் சமைத்திருக்கிறான். எங்களிடம் அவன் சொன்னது, "ஓட்டல்ல வேலைம்மா" மட்டும்தான்.

மாலையில் விருந்தாளிகள் வந்தார்கள். மூன்று பக்கமும் சாய்வு மெத்தைகள். இடது கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட வேண்டும். ஜெர்மன்காரர் ஒருவர் படுத்தபடியே குழம்பைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் இப்படிப் படுத்துக்கொண்டு சாப்பிட்டால் முதுகில் ஒன்று விழும். லூச்சியா நடுவில் நின்று விளக்கம் சொன்னார். கிருபா என் காதில் தமிழாக்கினார்: படுத்துச் சாப்பிட்டது பணக்காரர்கள் மட்டும், அதுவும் சாயங்கால விருந்தில் மட்டும். ஏழைகள் உட்கார்ந்தோ நின்றோ சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் தக்காளி இல்லை, மிளகாய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. இவையெல்லாம் பிற்பாடு கடல் தாண்டி வந்தவை. காரத்துக்கு மிளகு. அந்த மிளகு இந்தியாவிலிருந்து கப்பலில் போனது.

தட்டுகள் வரிசையாக வந்தன. சிறுபருப்பு மாதிரி ஒரு பருப்பு, கொத்தமல்லி விதையும் புளிப்புக் காடியும் போட்டு. தேனும் மிளகும் சேர்த்த கோழி. முட்டைக்கோசு, பூண்டு, கொண்டைக்கடலை. எல்லாவற்றிலும் ஒரு பழுப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். மோந்து பார்த்தேன். சின்ன மீனை உப்புப் போட்டு வெயிலில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த சாறு. ரோமர்களுக்கு அது இல்லாமல் சாப்பாடே இறங்காதாம். எங்கள் தெருவில் கருவாடு வறுத்தால் வருகிற அதே வாசனை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அரிக்கமேட்டில் கப்பலை விட்டு இறங்கிய ரோமர்கள் இந்தச் சாறைச் சாடியில் கொண்டுவந்தார்கள் என்று லூச்சியா சொன்னபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். புதுச்சேரி டியூட்டி போட்டால் அரிக்கமேட்டுக்குக் கிட்டத்தான் போய்த் திரும்புவேன்.

பெரிய சாப்பாடு பரிமாறுவதற்கு முன் லூச்சியா கையைத் தூக்கினார். எல்லோரும் அமைதியானார்கள். ஒரு சின்னத் தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து அடுப்பு நெருப்பில் போட்டார். வீட்டுத் தெய்வங்களுக்கு வைக்காமல் ரோமர்கள் சாப்பிட மாட்டார்களாம். விருந்தாளிகள் செல்போனில் படம் பிடித்தார்கள். எனக்குப் படம் பிடிக்கத் தோன்றவில்லை. என் மாடிச் சுவர்தான் கண்ணில் வந்தது.

கூட்டம் கலைந்ததும் என் கேள்வியைக் கேட்டேன். என் அம்மா அனுப்பிய கேள்வி என்றும் சொன்னேன். லூச்சியா உடனே, "கோழி. தேன் போட்ட கோழி" என்றார். பரிமாறுகிற பெண், "இல்லை, மீன்" என்றாள். பாத்திரம் கழுவுகிறவர் சைவம் என்று அடித்துச் சொன்னார். ஆளுக்கொன்று சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிருபாதான் மெதுவாகச் சொன்னார். "அண்ணை, நான் பொய் சொல்ல விரும்பேல்லை. எங்கள் எல்லாருக்கும் போட்டுத்தருவார். இன்னும் கொஞ்சம் வையுங்கோ எண்டு கேக்க முன்னமே வைச்சிடுவார். ஆனா அவர் ஒரு இடத்தில இருந்து சாப்பிட்டதை நான் ஒருநாளும் காணேல்லை." லூச்சியா இத்தாலிய மொழியில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "நானும் பார்க்கேல்லை, நானும் பார்க்கேல்லை எண்டு சொல்லுறா."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை பேருக்கு ஆக்கிப் போட்டவன் சாப்பிட்டானா என்று ஒருவர்கூடவா பார்க்கவில்லை? அறைக்கு வந்து படுத்தபின்தான், நாங்கள் எல்லோரும் போனில் என்ன பெரிதாகப் பார்த்தோம் என்று உறைத்தது. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? உன் பிள்ளை என்ன தின்றான் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது என்றால், அந்த டீயும் பன்னும்கூட நின்றுவிடும்.

அடுத்த நாள் உணவகத்துக்கு விடுமுறை. தம்பி லீவு நாளில் போகிற இடம் என்று கிருபா என்னைப் பழைய ஓஸ்தியாவுக்குக் கூட்டிப்போனார். ரோமுக்குத் துறைமுகமாக இருந்த ஊர், இப்போது செங்கல் இடிபாடு. நுழைந்தவுடன் எனக்குச் செஞ்சிக் கோட்டை ஞாபகம் வந்துவிட்டது. ராஜகிரி அடிவாரத்தில் நெற்களஞ்சியம் இருக்கிறதே, உள்ளே நின்று பேசினால் குரல் திரும்பி வருமே, அந்த மாதிரித் தடித்த சுவரோடு வரிசையாகக் களஞ்சியங்கள். தானியத்தில் ஈரம் ஏறாமல் இருக்கத் தரையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். எகிப்திலிருந்து வந்த கோதுமை இங்கேதான் இறங்கி ரோமுக்குப் போனது. எந்த ராஜாவாக இருந்தாலும் முதலில் தானியத்துக்குத்தான் காவல் போட்டிருக்கிறான்.

பக்கத்துத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை அப்படியே நிற்கிறது. கல் கவுண்டர், பின்னால் படிப்படியாகத் தட்டு வைக்கிற மேடை, சுவரில் காய்கறிப் படம். விலைப்பலகை எழுதி ஒரு காலண்டரை மாட்டினால் நாளைக்கே வியாபாரம் பார்க்கலாம். எதிரே மாடி மாடியாக வீடுகள். கூலிக்காரர்கள் குடியிருந்தவை. அந்த வீடுகளில் பெரும்பாலும் அடுப்படி கிடையாது. நெருப்புப் பயம். காலையில் ரொட்டித் துண்டும் உப்பும், இருந்தால் நாலு ஒலிவக்காய், மத்தியானம் இந்தக் கவுண்டரில் நின்றபடி பருப்போ கஞ்சியோ வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி மூட்டை தூக்கப் போயிருக்கிறார்கள். ராஜாக்கள் மயில் தின்ற கதை எல்லோருக்கும் தெரியும். இவர்கள் தின்றதை யார் பார்த்தார்கள்? நான் அந்தக் கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அங்கிருந்து சற்றுத் தள்ளிப் பழைய இடுகாடு. வசதி உள்ளவர்களுக்கு வீடு மாதிரிக் கல்லறை. வாசலில் கல் திட்டு. குடும்பத்தார் வந்து அங்கேயே விருந்து சாப்பிடுவார்களாம். ஏழைகளைப் புதைத்த இடத்தில் ஒரு சாடியின் கழுத்து மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உடைந்த சாடி என்று நினைத்தேன். "இல்லை அண்ணை, அதுக்குள்ளாலைதான் சாப்பாடும் குடியும் ஊத்துறது. கீழை இருக்கிறவைக்கு" என்றார் கிருபா. தம்பிக்கு அவர் சொல்லவில்லையாம், தம்பிதான் அவருக்குச் சொன்னானாம். இந்தச் சாடி வாய்க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அவன் நெடுநேரம் இருப்பானாம்.

நானும் குந்தினேன். உள்ளே இருட்டாக இருந்தது. இவர்கள் நேராக ஊற்றியிருக்கிறார்கள், போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் இல்லை. எங்களுக்கு நடுவில் ஒரு காக்கை வேண்டியிருக்கிறது. சின்னவனே, ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டேன். கிருபா கேட்காத மாதிரி தள்ளிப்போய் நின்றார்.

அதற்கு மறுநாள் காலை தம்பியின் சாமான்களை எடுத்துக்கொள்ள உணவகத்துக்குப் போனோம். வழக்கமாக மதியத்துக்கு மேல் வருகிற லூச்சியா எனக்காகச் சீக்கிரம் வந்திருந்தார். நாலு சட்டை, இரண்டு ஸ்வெட்டர், ஒரு முருகன் படம், ஒரு மண் பானை. சின்னப் பானைதான், இரண்டு படி பிடிக்கும். உணவகத்துக்காக வாங்கிய பழைய மாதிரிப் பானைகளில் ஒன்று. இதை ஏன் சாமான்களோடு வைத்தீர்கள் என்று கேட்டேன். அவன் பானை, வேறு யாரும் தொடுவதில்லை என்றார் லூச்சியா.

அப்போது பின்பக்கத்துக் கொல்லையில் ஒரு சத்தம். கிருபா கதவைத் திறந்தார். மதில்மேல் ஒரு காக்கை. நம் காக்கை இல்லை. தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு சாம்பல். ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருந்தது. எங்களைப் பார்த்து அதட்டியது. போகவில்லை.

லூச்சியா சொன்னார், கிருபா சொல்லிக்கொண்டே வந்தார். "இது எலுவின்ரை காகமாம். தம்பியை எலு எண்டுதான் கூப்பிடுவா. ஒவ்வொரு காலமையும் இந்த மதில்ல சாப்பாடு வைச்சுக் கூப்பிடுறதாத் தம்பியே சொன்னவராம். இன்னமும் வருதாம். என்ன வைக்கிறவர் எண்டால், விருந்தாளியளுக்குச் செய்யிற கோதுமைக் களி மிஞ்சும்தானே, அதை இந்தப் பானையில போட்டு, தண்ணி விட்டு, இரவு முழுக்க வைச்சிடுவாராம். காகத்துக்கெண்டு தனிப் பானை வைச்சிருந்த மனுசன் எண்டு சொல்லுறா."

நான் பானையைப் பார்த்தேன். கிருபாவும் பார்த்தார். ஒரு காக்கை எவ்வளவு தின்னும்? ஒரு பிடி. மீதிப் பானை? இரவில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் காக்கைக்கு வைத்துவிட்டு அப்புறம் சாப்பிடுவதை எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"கிருபா, இதுதாம்பா அவன் துன்னது" என்றேன். அவர் லூச்சியாவுக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு சுவரோரம் திரும்பி நின்றுவிட்டார். லூச்சியாவுக்குத் தானாகவே விளங்கிவிட்டது.

பழைய ரோமர்கள் ரொட்டி பழகுவதற்கு முன் தலைமுறை தலைமுறையாகக் குடித்த கஞ்சி அது. கிரேக்கர்கள் அவர்களைக் கஞ்சிகுடிகள் என்று கேலி செய்வார்களாம். அந்தக் கோதுமையை லூச்சியா என் கையில் கொட்டினார். நீளமான, செம்மண் நிறத் தானியம். எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. கிருபா செல்போனில் தேடி, "இது உங்கடை சம்பா கோதுமைதான் அண்ணை" என்றார். டாக்டர் சொல்லி நான் வாங்கி, அம்மா மாட்டுக்கு வைக்கச் சொன்ன அதே கோதுமை.

அன்றைக்கு அந்தப் பானையில் களி வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலை நானே மதிலில் ஒரு பிடி வைத்தேன். கூப்பிடக் கூச்சமாக இருந்தது. கூப்பிட்டேன். சாம்பல் காக்கை வந்து, என்னைப் பார்த்து, பானையைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனது. பிறகு நானும் கிருபாவும் கொல்லையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டோம். உப்பு, நறுக்கிய வெங்காயம், அந்த மீன் சாறு நாலு சொட்டு. நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பத்து வருடம் சாப்பிடலாம், அவ்வளவுதான்.

பானையை அவன் ஸ்வெட்டருக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். மீன் சாறு ஒரு சின்னப் பாட்டிலில். அது திண்டிவனம் வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, செஞ்சி பஸ்ஸில் மூடி நெகிழ்ந்து ஒழுகியது. "யாருய்யா அது கருவாட்ட உள்ள ஏத்துனது? மேல போடு" என்று கத்தினார் கண்டக்டர். கருவாட்டுக் கூடைக்காரிகளிடம் இத்தனை வருடம் நான் கத்தியதுதான். பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் முகத்தைத்தான் பார்த்தாள். பானையை எடுத்து முன்னால் வைத்துச் சொன்னேன், காக்கையிலிருந்து எல்லாவற்றையும். நின்றபடிதான் சாப்பிட்டிருப்பான் என்பதையும், யாரும் பார்க்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. பானைக்குள் கையைவிட்டுத் தடவிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்ததும், "அந்த ரவை இருக்குதா, மாட்டுக்குப் போட்டுட்டியா?" என்றாள். இருந்தது.

வருடப் படையலுக்குப் பந்தல் வேண்டாம், மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெருங்கிய சொந்தம் மட்டும். முதல் நாளே அம்மா களி கிண்டி அந்தப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். காலையில் இலை போட்டோம். ஒரே பதார்த்தம். வெங்காயம், பாட்டிலில் மிச்சம் இருந்த மீன் சாறு. சொந்தக்காரர்கள் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மாடிச் சுவரில் ஒரு பிடி வைத்தேன்.

காக்கைகள் வந்தன. அதே தண்ணீர் டேங்கின் மேல் உட்கார்ந்தன. கூப்பிட்டோம். சித்தப்பா தொண்டை வறளக் கூப்பிட்டார். ஒன்றும் இறங்கவில்லை. வெயில் ஏறியது. இவ்வளவு தூரம் போய்க் கொண்டுவந்த பதிலும் இல்லை என்று ஆகிவிட்டதா?

அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அங்க காக்கா எடுத்துச்சா?"

"எடுத்துச்சிம்மா."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேம்மா. அப்பால நானும் துன்னேன்."

தலையாட்டினாள். மாடியிலிருந்து இறங்கி, படையல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள்.

"அண்ணி, காக்கா எடுக்காம துன்னக் கூடாது" என்று சித்தப்பா பதறினார்.

"அது வர்றப்ப வரட்டும்" என்றாள். "உப்பு பத்தல. அந்த வெங்காயத்த இப்டி தள்ளு."

நிதானமாக, ஒவ்வொரு கவளமாக, இலையில் ஒரு பருக்கை மிச்சம் இல்லாமல் சாப்பிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு. கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. இலையை மடித்துவிட்டு, கையை ஊன்றி எழுந்தாள்.

"சாப்ட்டுதான்டா இருந்திருக்கான்" என்றாள். கை கழுவக் கொல்லைப்பக்கம் போனாள்.